நுரையீரலின் காவற்படை

சேலத்துக்கு ரயிலேறி வருவோர் இறங்குமிடம் சூரமங்கலம். பிரயாணிகளோடு பிரயாணியாக ஜுரமும் ரயிலேறும் என்பதைத் தேசம் மிகுந்த கிரயம் கொடுத்து அறிந்துகொண்டது. 1918 ஜூனில் பம்பாயில் தலைகாட்டிய இன்புளுவென்ஸா, ரயில் பாதைகளைப் பற்றிக்கொண்டு பரவி ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்களை மாய்த்தது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு அஞ்சிப் பிரயாணிகள் ரயில்களையே நிறுத்தினார்கள்.

இவ்விரு நோய்களும் பெரும்பாலும் நுரையீரலைத் தாக்கியே உயிரைப் பறித்தன. ஆயினும் பீடிக்கப்பட்டோரில் மிகப் பலர் பிழைத்தனர். அவர்களைக் காத்தவற்றுள் ஒன்றைப் பற்றி, நமது அரசியல் நண்பர்களும் அறிந்திருக்கவேண்டுமென்று கருதி, இங்கே எழுதுகிறோம்.

ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் வெளியே திரியும் வைரஸையே பிடிக்கும். அணுவுக்குள் புகுந்துவிட்ட வைரஸ், வீட்டுக்குள் நுழைந்து தாழிட்டுக்கொண்ட திருடனைப் போன்றது. தெருக் காவற்காரனுக்கு அகப்படான். ஆனால் ஒவ்வோர் அணுவும் தன்னுள் உற்பத்தியாகும் புரதங்களின் துணுக்குகளை வெளிப்புறத்தில் காட்டிக்கொண்டேயிருக்கிறது. அங்கே வைரஸின் துணுக்கு தென்பட்டால், கொல்லும் டி அணு நெருங்கி, அணுவின் சவ்வில் துளையிட்டு, அதைத் தானே மடியச் செய்யும் ரசங்களைச் செலுத்துகிறது. வைரஸின் உற்பத்திச்சாலை அத்துடன் அழிகிறது. இத்துணுக்கும் சொந்த உடலின் அடையாளமும் சேர்ந்து தெரிந்தாலன்றி டி அணு தாக்காது என்பதை 1974-ல் கான்பெராவில் கண்டறிந்த டோஹர்ட்டி, ஸிங்கர்நாகல் இருவருக்கும் 1996-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கொல்லப்படுவதோ நமது சொந்த அணு! காற்றறைகளின் மெல்லிய சுவரில் இச்சங்காரம் அளவு மீறினால் மூச்சே தடைப்படும். படைக்கு வீரம் போலவே அடக்கமும் வேண்டும்.

"ஊசி போட்டும் ஜுரம் வந்துவிட்டதே, என்ன பயன்?" என்று கேட்போர் சூரமங்கலத்திலும் உண்டு, சென்னையிலும் உண்டு. 2021-ன் இறுதியில் ஓமைக்ரான் எதிர்ப்பொருள்களை ஏமாற்றியது உண்மை. டி அணுக்களை அது பெரும்பாலும் ஏமாற்றவில்லை. 2003-ல் ஸார்ஸ் கண்டு பிழைத்தவர்களின் ரத்தத்தில், பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்நோயை நினைவிற்கொண்ட டி அணுக்கள் இருப்பதைச் சிங்கப்பூர் ஆராய்ச்சியாளர் கண்டனர்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. புஜத்தில் போடும் ஊசியால் நுரையீரலிலேயே குடியிருக்கும் காவலர் அதிகம் உண்டாவதில்லை; நோயால் உண்டாகிறவர்களும் சில மாதங்களில் குறைந்துபோகின்றனர். ஆகவேதான் மூக்கு வழி மருந்தை நாடுகிறார்கள். ஹைதராபாத்தில் தயாரான அத்தகைய மருந்து 2023 ஜனவரியில் வெளிவந்தபோது, பயம் தெளிந்திருந்த ஜனங்களில் அதைக் கேட்டு வாங்கியோர் சிலரே.