மலையில் யாரும் இல்லை

மலை வழிகாட்டி பதறிக்கொண்டு உள்ளே வருகிறான். பனிப்புயல் வருகிறது, மேலே யாராவது போயிருந்தால் இப்போதே ஆள் அனுப்ப வேண்டும் என்கிறான். விடுதிக் கூடத்தில் இருக்கும் பெருங்கவிஞர் மிட்டன்ஹோஃபர், தமக்குத் தெரிந்து யாரும் இல்லை என்கிறார். மேலே இரண்டு பேர் இருக்கிறார்கள். எடல்வைஸ் பூப் பறித்துவரச் சொல்லி அவர்களை அனுப்பியவரே அவர்தான். கூட இருக்கும் செயலாளர் கரோலினாவுக்கும் இது தெரியும். அந்த அம்மாளும் வாயைத் திறக்கவில்லை.

ஜெர்மானிய இசையமைப்பாளர் ஹான்ஸ் வெர்னர் ஹென்ஸெயின் ‘இளங்காதலர்க்கு ஓர் இரங்கற்பா’ ஓபராவில் வரும் கட்டம் இது. 1961 மே மாதம், ஜெர்மனியில் ஷ்வெட்ஸிங்கன் அரண்மனையின் சிறிய அரங்கில் முதலில் மேடையேறியது. மிட்டன்ஹோஃபராகப் பாடியவர் டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்கௌ. பெரிய கூட்டிசைக் குழு கிடையாது. தந்தி வாத்தியங்களில் வகைக்கு ஒருவர், கொஞ்சம் ஊதுகருவிகள், கிதார், மாண்டலின், தட்டி ஒலிக்கும் கருவிகள் பல. ‘சேம்பர் ஓபரா’ என்கிறார்களே, அது. ஆளுக்கொரு வாத்தியத்தை ஹென்ஸெ பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார். மலைமேல் போன காதலர்களுக்கு வயலினும் வியோலாவும். கணவனை இழந்த ஹில்டாவுக்குப் புல்லாங்குழல். கவிஞருக்கோ பித்தளை ஊதுகருவிகள்! பொருத்தம்தான்.

கதை நடப்பது 1910இல், ஆஸ்திரிய ஆல்ப்ஸ் மலைவிடுதி ஒன்றில். தேனிலவுக்கு வந்த இடத்தில் மலையேறப் போன கணவன் திரும்பி வரவில்லை. நாற்பது வருஷமாக அங்கேயே காத்திருக்கிறாள் ஹில்டா. அவ்வப்போது அருள்வந்தவள் போலப் பிதற்றுவாள். மிட்டன்ஹோஃபர் அதைக் குறித்துவைத்துக்கொண்டு கவிதையாக்குவார். அந்தப் பிதற்றலுக்காகவே வருஷாவருஷம் அங்கே வந்து தங்குகிறார். கரோலினா சம்பளமில்லாமல் உழைப்பதோடு, கவிஞரின் கௌரவம் கெடாதபடி அங்கங்கே காசை ஒளித்துவைப்பாள். அவர் தற்செயலாகக் ‘கண்டெடுத்து’க்கொள்வார். அவருக்கு இளமை போகாதிருக்க டாக்டர் ஒருவர் ஊசி போடுகிறார். எலிசபெத் என்ற இளம்பெண் அவருடைய ஆசைநாயகி.

நாற்பது வருஷம் கழித்துப் பனியாறு கணவனின் உடலை வெளியே தள்ளுகிறது. ஹில்டா தெளிந்துவிடுகிறாள். கவிஞருக்கு ஊற்று வற்றிப்போகிறது. அதோடு, எலிசபெத்தும் டாக்டரின் மகன் டோனியும் காதலிக்கிறார்கள் என்ற சேதியும் வந்து சேர்கிறது. சரி, போங்கள் என்று பெரிய மனசு பண்ணுகிறார் மிட்டன்ஹோஃபர். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார். தம் மணிவிழாவுக்கென எழுதும் கவிதை முடிய எடல்வைஸ் வேண்டும்.

புயலில் சிக்கிச் சாகும் தறுவாயில் அந்த இருவரும் ஒரு விளையாட்டு விளையாடுகிறார்கள். நாற்பது வருஷம் குடித்தனம் செய்து கிழடுதட்டிப்போன தம்பதியாகத் தங்களைப் பாவித்துப் பேசிக்கொள்கிறார்கள். இந்த ஓபராவில் என்னை உலுக்கியது இந்த இடம்தான். ஹில்டா காத்திருந்ததும் இதே நாற்பது வருஷம் என்பது சற்றுக் கழித்துத்தான் உறைக்கிறது.

மிட்டன்ஹோஃபரிடம் அயர்லாந்துக் கவி யேட்ஸின் சாயல் உண்டு. யேட்ஸ் தம் ஐம்பத்திரண்டாம் வயதில் மணந்த இளம் மனைவி ஜார்ஜி, ஆவி உந்தி எழுதுவதாகச் சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதினார். அதைக்கொண்டு யேட்ஸ் ஒரு புத்தகமே செய்தார். 1939 ஜனவரியில் யேட்ஸ் இறந்தபோது புகழ்பெற்ற இரங்கற்பா ஒன்றைப் பாடியவர் டபிள்யூ. எச். ஆடன். இந்த ஓபராவின் பாடல்நூலை எழுதிய இருவரில் ஒருவரும் அவரே.

மற்றவர் செஸ்டர் கால்மன், புரூக்ளின்காரர், அவரும் கவிஞர். 1939இல் நியூயார்க்கில் சந்தித்தபோது ஆடனுக்கு 32 வயது, கால்மனுக்கு 18. இதுதான் என் கல்யாணம் என்று ஆடன் நினைத்துக்கொண்டார். இரண்டே வருஷத்தில் கால்மனின் மனம் வேறு பக்கம் போய்விட்டது. ஆடன் நொறுங்கிப்போனார், ஆனால் விலகவில்லை. ஆடனை ஓபராவுக்குள் இழுத்துவந்தவர் கால்மன்தான். இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கிக்கு இருவரும் சேர்ந்து எழுதிய ஓபரா 1951இல் மேடையேறியது, பத்து வருஷம் கழித்து ஹென்ஸெக்கு எழுதிய இது. எந்த வரி யாருடையது என்று பிரித்துச் சொல்வது கடினம். விமர்சகர்கள் எல்லாப் பெருமையையும் ஆடன் தலையில் ஏற்றுவார்கள். ஆடனுக்கு அதில் எரிச்சல். இந்தப் பாடல்நூலில் பெரும்பகுதி கால்மன் எழுதியது என்று அவரே சொன்னார். ஊரார் உயிரையெல்லாம் உறிஞ்சி எழுதிவிட்டுத் தன் பெயரை மட்டும் போட்டுக்கொள்கிற கவிஞனை இந்த இருவரும் இப்படிச் சேர்ந்துதான் படைத்தார்கள். இந்தக் கவிஞர்களின் காதல் மேடையில் இல்லை, எழுதிய காகிதத்தில் இருக்கிறது என்று தோன்றுகிறது.

கடைசிக் காட்சி வியன்னாவில். மணிவிழா மேடையில் மிட்டன்ஹோஃபர் இறந்துபோன காதலர்களுக்குத் தம் இரங்கற்பாவைச் சமர்ப்பித்து வாசிக்கத் தொடங்குகிறார். நமக்கு ஒரு சொல்கூடக் கேட்பதில்லை. அவரால் வாழ்வைத் தொலைத்தவர்களின் குரல்கள் மட்டும், வார்த்தையில்லாமல், அவரவர் வாத்தியங்களோடு எழுகின்றன. அந்தக் கவிதை உண்மையிலேயே மகத்தானது என்று நாம் நம்பியாக வேண்டும், இல்லாவிட்டால் கதை நிற்காது. எந்த வரியை எழுதினாலும் அந்த நம்பிக்கை குலையும். சாமர்த்தியமாக இசையிடம் தள்ளிவிட்டார்கள்.

தமக்குக் கிடைத்த பரிசுப் பணத்தில் 1957இல் ஆடன் வாங்கிய வீடு ஆஸ்திரியாவில் கிர்ஷ்டெட்டன் என்ற கிராமத்தில். ஓபராவில் வரும் கரோலினா அந்த ஊர்ப் பெயரைத்தான் சுமக்கிறாள். 1973 செப்டம்பர் 28 இரவு வியன்னாவில் கவிதை வாசித்துவிட்டு ஹோட்டல் அறைக்குத் திரும்பிய ஆடன், காலையில் எழவில்லை. கதவைத் தட்டிப் பார்த்தவர் கால்மன். கிர்ஷ்டெட்டனில் அடக்கம் செய்தார்கள். ஆடன் தம் சொத்து முழுவதையும் கால்மனுக்கே எழுதிவைத்திருந்தார். கால்மன் 1975 ஜனவரியில் ஏதென்ஸில் இறந்தார்.