பனையோலையும் பழகிய கையும்

திருகோணமலை என்றதும் கப்பல்கள் தங்கும் இயற்கைத் துறைமுகமே பலருக்கும் நினைவில் எழும். அத்துறைமுகத்தைச் சூழ்ந்த மாவட்டத்தின் கரையோரங்களில் பனைமரங்களும் உண்டு. பனையோலை கொண்டு பெட்டியும் பாயும் இழைக்கும் தொழிலை நம்மவர் பன்னவேலை என்பர். நெல் சுமக்கக் கடகமும், மீன் கொண்டுவர உமலும், பிட்டு அவிக்க நீத்துப்பெட்டியும் தந்தது இத்தொழிலே.

இதனைக் கற்பவர் முதலில் அறிய வேண்டியது பின்னலன்று, மரத்தின் இயல்பாகும். பனைக்குக் கிளை இல்லை. உச்சியிலுள்ள ஒரே குருத்தினாலேயே அது வளர்கின்றது; அக்குருத்து அழியின் மரமே பட்டுப்போகும். ஆண்டொன்றில் ஏறத்தாழப் 12 ஓலைகளே புதிதாகத் தோன்றும். விதை முளைத்துப் பூக்கும் பருவம் எய்த 12 முதல் 15 ஆண்டுகளும், சில வேளை அதற்கு மேலும் செல்லும். ஆதலால் இளம் ஓலையை அளவறிந்தே வெட்டுதல் வேண்டும்.

வெட்டிய சார்வோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமாக வார்ந்து கொள்வர். உலர்ந்த ஓலை ஒடியுமாகையால் சற்றே ஈரமாக்குவர். பின்னர் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இழைத்து அடியை அமைப்பர். அடி முடிந்ததும் ஓலைகளை மேல்நோக்கித் திருப்பி மூலை எடுத்தல் வேண்டும். புதிதாகப் பழகுவோர் தடுமாறும் இடம் இதுவே. இங்கே பிடி தளர்ந்தால் பெட்டி கோணலாகிவிடும். கடகமாயின், மட்டையில் உரித்த நாரினால் விளிம்பையும் அடியையும் பொத்தி வலுவூட்டுவர்.

மூலை எடுக்கும் நுட்பத்தை ஏட்டில் எழுதிக் கற்பித்தல் அரிது. அம்மம்மாவின் அருகிலமர்ந்து, அவர் விரல்களைப் பார்த்துப் பார்த்தே பேர்த்தியின் விரல்கள் பழக வேண்டும். அந்தத் தொடர்ச்சிக்குப் போர் பெரும் இடையூறாயிற்று. 2006ஆம் ஆண்டு இடம்பெயர்ந்த சம்பூர் மக்களுட் பலர், ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்தே தம் நிலத்தை மீண்டும் கண்டனர். முகாமில் வளர்ந்த பிள்ளைக்கு ஓலை வார முற்றம் ஏது? மரம் மீண்டும் முளைக்கலாம். கற்பிப்பவர் மறைந்தபின் கைப்பழக்கம் தானாக முளைப்பதில்லை.

1978ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை, பனைசார் தொழில்களை வளர்க்கும் பணியை ஏற்றது. 2023ஆம் ஆண்டு இலங்கையில் தடைசெய்யப்பட்ட பிளாஸ்டிக் பொருள்களுள் இடியப்பத் தட்டும் ஒன்று. முன்னர் ஈர்க்கிலும் பிரம்பிலும் பின்னிய தட்டுகளின் இடத்தையே அது பிடித்திருந்தது. இப்போது அந்த இடம் மீண்டும் வெறுமையாயிற்று. அதனை நிரப்பும் கைகள் இன்னும் ஊர்களில் இருக்கின்றன. அவை ஓய்ந்துபோகுமுன் இளையோர் அருகில் அமர்தல் வேண்டும்.