காஞ்சிபுரத்துக்குத் தூது வந்த ஔவையார்

காஞ்சிபுரத்துக்குப் பட்டுப் புடவை எடுக்க வருகிறவர்கள் உண்டு. காமாட்சி அம்மனையும் வரதராஜப் பெருமாளையும் தரிசிக்க வருகிறவர்கள் உண்டு. ஏறத்தாழ 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெண் இந்த ஊருக்கு வேறொரு வேலையாக வந்தார். மூள இருந்த போரை நிறுத்துவதற்காக வந்தார்!

அவர் அரசி அல்ல; மந்திரியும் அல்ல. அவர் பின்னால் படை வரவில்லை. அவர் ஒரு புலவர். அவர்தான் ஔவையார்.

ஔவையார் என்றதும், கையில் கோல் ஊன்றி, நெற்றி நிறையத் திருநீறு பூசிய பாட்டிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருவார். 1953-ம் ஆண்டு ஜெமினி நிறுவனம் எடுத்த "ஔவையார்" படத்தில் கே.பி.சுந்தராம்பாள் அப்படித்தான் வந்தார். ஆனால் "ஆத்திசூடி" பாடிய ஔவை வேறு. காஞ்சிக்குத் தூது வந்த ஔவை வேறு. ஆத்திசூடி ஔவை பல நூற்றாண்டுகள் பிந்தியவர். தூது வந்தவர் சங்க காலத்து ஔவை. அவர் பாடியவையாக 59 பாடல்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் 33 புறநானூற்றில் உள்ளன.

இந்தச் சங்க கால ஔவை கிழவியாக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பாட்டில், பகை வேந்தன் ஒருவன் அவரை மை தீட்டிய கண்ணும் ஒளி வீசும் நெற்றியும் உடைய இளம்பெண் என்று அழைத்து, "உங்கள் நாட்டில் போர் செய்கிறவர்களும் இருக்கிறார்களா?" என்று கேலியாகக் கேட்கிறான். ஔவை கொடுத்த பதில் சுவையானது. கோலால் அடித்தாலும் அஞ்சாமல் சீறும் பாம்பு போன்ற வீரர்கள் இருக்கிறார்கள். அது மட்டுமல்ல, மன்றத்தில் தொங்கும் முரசின் மேல் காற்று மோதி ஓசை எழுந்தால்கூடப் போர் வந்துவிட்டது என்று எழுந்துவிடும் எங்கள் தலைவனும் இருக்கிறான் என்றார்.

அந்தத் தலைவன்தான் அதியமான் நெடுமான் அஞ்சி.

சின்ன நாடு

அதியமானின் நாடு தகடூர். இன்றைய தருமபுரிதான் அது. காஞ்சிபுரத்தில் இருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. சேர, சோழ, பாண்டிய நாடுகளுக்கு முன்னால் தகடூர் சின்ன நாடு. மலையும் காடும் நிறைந்தது. குதிரைமலை அதியமானுடையது. கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அவனுடைய முன்னோர்கள் என்று ஔவையே பாடியிருக்கிறார்.

நாடு சின்னதாக இருந்தாலும் பெயர் பெரிது. அசோகச் சக்கரவர்த்தி கி.மு. 3-ம் நூற்றாண்டில் பாறையில் வெட்டிவைத்த கட்டளையில், தன் ஆட்சிக்கு உட்படாத அண்டை நாடுகளைக் குறிப்பிடுகிறார். சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் "சத்தியபுத்திரர்" என்ற பெயரும் வருகிறது. இவர்கள் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். 1981-ம் ஆண்டு, திருக்கோவிலூர் பக்கத்தில் உள்ள ஜம்பை என்ற ஊரின் குன்றில் தமிழக அரசின் தொல்லியல் துறையினர் ஒரு பழைய கல்வெட்டைக் கண்டுபிடித்தார்கள். ஒரே ஒரு வரி. "சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி" கொடுத்த கொடையை அது சொல்கிறது. வழக்கு தீர்ந்தது! புலவர்கள் பாடிய பெயர் கல்லிலும் கிடைத்துவிட்டது.

இந்த அதியமான்தான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன். எளிதில் ஏற முடியாத மலைப் பிளவில் பழுத்த கனி அது. தின்றவர் நெடுநாள் வாழ்வார் என்பது நம்பிக்கை. அதன் பெருமையைச் சொல்லாமலே ஔவையின் கையில் கொடுத்துவிட்டான். சொல்லியிருந்தால் அவர் வாங்கியிருக்க மாட்டார் அல்லவா?

அதற்காக ஔவை அவனுக்கு அடங்கிக் கிடந்தார் என்று நினைக்கக் கூடாது. ஒரு முறை பரிசு தராமல் அவன் நாளைக் கடத்தினான். ஔவைக்குக் கோபம் வந்துவிட்டது. வாயில் காப்போனைப் பார்த்து, உன் அரசனுக்குத் தன் தரமும் தெரியாதா, என் தரமும் தெரியாதா என்று கேட்டார். கலை தெரிந்தவனுக்குப் போகும் திசையெல்லாம் சோறு கிடைக்கும் என்று சொல்லிவிட்டு மூட்டையைக் கட்டினார். அரசனிடமே இப்படிப் பேசக்கூடியவரைத்தான் அதியமான் தூதுக்குத் தேர்ந்தெடுத்தான்.

காஞ்சியின் செல்வம்

காஞ்சியை ஆண்டவன் தொண்டைமான். அக்காலத்துத் தொண்டை நாடு எவ்வளவு வளமானது என்பதைப் பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளில் விவரிக்கிறது. அதன் துறைமுகத்தில் வெண்மையான பிடரி மயிர் கொண்ட குதிரைகளும் வடநாட்டுப் பொருள்களும் கப்பலில் வந்து இறங்கின. இரவில் கப்பல்களுக்கு வழிகாட்டக் கலங்கரை விளக்கம் எரிந்தது. தறிகளின் ஊரான காஞ்சி அன்றே செல்வர்களின் ஊர்.

அந்தத் தொண்டைமான் தகடூர் மேல் படையெடுக்க எண்ணினான் என்று அறிஞர்கள் விளக்கம் சொல்கிறார்கள். அதியமான் கோழை அல்ல. 7 பேரை எதிர்த்துப் போரிட்டு வென்றவன். ஆனாலும் பெரிய நாடு ஒரு போரில் தோற்றால் அடுத்த ஆண்டு மீண்டும் வரலாம். சின்ன நாட்டுக்கு வென்றாலும் இழப்புதான். ஆகவே, படைக்கு முன்னால் பேச்சை அனுப்பினான்.

ஆயுதச் சாலையில்

காஞ்சியில் தொண்டைமான் என்ன செய்தான் தெரியுமா? வந்த தூதரைத் தன் ஆயுதச் சாலைக்கு அழைத்துப் போய்க் காட்டினான்! இவ்வளவு படைக்கலங்கள் என்னிடம் இருக்கின்றன, போய் உன் அரசனிடம் சொல் என்பது அதன் பொருள். இக்காலத்திலும் அரசுகள் வெளிநாட்டு விருந்தினரை உட்காரவைத்து ராணுவ அணிவகுப்பு காட்டுகின்றன. வழக்கம் பழையது.

அங்கே நின்று ஔவை பாடிய பாட்டு புறநானூற்றில் 95-வது பாட்டு. அதன் கருத்து இதுதான்:

தொண்டைமானின் வேல்களுக்கு மயிற்பீலி கட்டியிருக்கிறது. மாலை சூட்டியிருக்கிறது. காம்புகள் திருத்தமாக உள்ளன. நெய் பூசி, காவல் மிகுந்த பெரிய மாளிகையில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். எங்கள் அரசனுடைய வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து, பக்கம் சிதைந்து, எப்போது பார்த்தாலும் கொல்லனுடைய சின்னப் பட்டறையில்தான் கிடக்கின்றன.

மேலோட்டமாகக் கேட்டால், காஞ்சியைப் புகழ்வது போலவும் தகடூரைக் குறை சொல்வது போலவும் இருக்கும். நின்று யோசித்தால்தான் உள்ளே இருக்கும் ஊசி தெரியும். பளபளப்பாக இருக்கும் ஆயுதம் போரைப் பார்க்காத ஆயுதம்! பழுதுபார்க்கக் கிடப்பதுதான் போரைப் பார்த்தது. புகழ்வது போலப் பழிப்பது என்று பள்ளிப் பிள்ளைகள் இலக்கணத்தில் படிக்கிறார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

ஆனால் பாட்டில் இன்னொரு செய்தி இருக்கிறது. ஆயுதப் பேச்சின் அழகில் அதைப் பலர் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். தன் அரசனை ஔவை எப்படி அறிமுகப்படுத்துகிறார்? இருக்கும்போது மற்றவருக்குச் சோறு போடுகிறவன். இல்லாதபோது இருப்பதை அவர்களோடு பகிர்ந்து உண்கிறவன். ஏழைகளின் சுற்றத்துக்குத் தலைவன் என்கிறார். இந்த இடத்தில் இதை ஏன் சொல்ல வேண்டும்? அப்படிப்பட்டவன் மேல் படையெடுத்தால் அவனுடைய வீரர்கள் மட்டுமா எதிர்த்து நிற்பார்கள்? அவனோடு பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேரும் நிற்பார்கள். தொண்டைமான் கணக்குப் பார்க்க வேண்டியது வேல்களின் எண்ணிக்கையை அல்ல. மிரட்டல் என்று ஒரு சொல்லும் இல்லாமல் மிரட்டிவிட்டார் ஔவை. தொண்டைமானுக்குக் கோபம் வந்திருந்தாலும், கோபிக்க ஒரு சொல்லும் அகப்பட்டிருக்காது.

திருவள்ளுவர் "தூது" என்று ஒரு தனி அதிகாரமே வைத்து 10 குறள் எழுதியிருக்கிறார். அதற்கு உரை எழுதிய பரிமேலழகர், தூதர்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறார். சொல்லி அனுப்பியதை அப்படியே சொல்கிறவர் ஒரு வகை. இடத்துக்கு ஏற்பத் தானே வகுத்துப் பேசுகிறவர் இன்னொரு வகை. தொண்டைமான் ஆயுதச் சாலையைக் காட்டுவான் என்று தகடூரில் யாரும் ஔவைக்குச் சொல்லி அனுப்பியிருக்க முடியாது. அவர் எந்த வகை என்பது விளங்குகிறது. பரிமேலழகர் காஞ்சிபுரத்துக்காரர் என்று வழிவழியாகச் சொல்வார்கள் என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

இன்னொரு சின்ன நாடு

அசோகரின் அதே கட்டளையில் சத்தியபுத்திரர் பெயருக்குப் பக்கத்தில் "தாமிரபரணி" என்றும் ஒரு பெயர் இருக்கிறது. அது இலங்கை. இந்தச் சின்னத் தீவும் நம் காலத்தில் பெரிய நாடுகளின் போர்களுக்கு நடுவே பேசியிருக்கிறது.

1956-ம் ஆண்டு சூயஸ் கால்வாய்ச் சண்டையில் ஐ.நா. சபை தன் முதல் ஆயுதம் தாங்கிய அமைதிப் படையை அனுப்பியது. அப்போது பொதுச்செயலாளர் ஹாமர்ஷீல்டுக்கு யோசனை சொல்ல 7 நாடுகளின் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதில் இந்தியாவும் இருந்தது, இலங்கையும் இருந்தது.

1962-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி இந்திய எல்லையில் சீனப் படை பாய்ந்தது. நவம்பர் 21-ந் தேதி சீனா தானாகவே போர் நிறுத்தம் அறிவித்தது. அது நிலைக்குமா என்று உலகமே கவலைப்பட்டது. அப்போது இலங்கையின் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகா; 1960-ம் ஆண்டு பதவிக்கு வந்த, உலகின் முதல் பெண் பிரதமர். அவர் பர்மா, கம்போடியா, இந்தோனேசியா, கானா, எகிப்து நாடுகளின் பிரதிநிதிகளை அழைத்து டிசம்பர் 10 முதல் 12 வரை கொழும்பில் மாநாடு நடத்தினார். பிறகு அவரே பீகிங் போனார்; அங்கிருந்து திரும்பி 1963 ஜனவரியில் டெல்லிக்கு வந்தார்.

இலங்கை 1952-ம் ஆண்டு முதல் சீனாவுக்கு ரப்பர் கொடுத்து அரிசி வாங்கிவந்தது. இந்தியாவோ பக்கத்து வீடு. இருவரில் ஒருவரையும் பகைத்துக்கொள்ள அதற்கு வழியில்லை. லடாக்கில் சீனப் படை 20 கிலோமீட்டர் பின்வாங்க வேண்டும். அப்படிக் காலியாகும் இடத்தில் ராணுவம் இல்லாமல் இரு தரப்பின் சிவில் காவல் சாவடிகள் மட்டும் இருக்கலாம் என்பது கொழும்பு யோசனைகளில் முக்கியமானது. இந்தியா யோசனைகளை முழுதாக ஏற்றது. சீனா கொள்கை அளவில் ஏற்பதாகச் சொல்லிச் சில நிபந்தனைகள் போட்டது. நேர்ப் பேச்சு தொடங்கவே இல்லை. ஆனால் நிறுத்திய போர் நின்றபடியே இருந்தது.

ஔவை ஒரு பக்கத்தின் தூதர், சிறிமாவோ நடுவர். அந்த வேறுபாடு பெரிது. என்றாலும் இருவருமே வேல் இல்லாமல் வேல் வைத்திருந்தவர்களிடம் போனவர்கள்.

பிறகு என்ன ஆயிற்று?

தகடூர் கடைசியில் விழுந்தது. வீழ்த்தியது காஞ்சி அல்ல. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை. "தகடூர் எறிந்த" என்பது அவன் பெயரோடு ஒட்டிக்கொண்ட பட்டம். பதிற்றுப்பத்தில் அரிசில்கிழார் அவன் மேல் 10 பாட்டுகள் பாடியிருக்கிறார். அதியமான் மாண்டபோது ஔவை அழுது பாடிய பாட்டுகளைப் படித்தால் கல்லும் கரையும். மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்க மறுக்கக்கூடிய மானம் உள்ளவன், இப்போது நடுகல்லாக நின்று, சின்னக் கலத்தில் வார்க்கும் கள்ளை எப்படி ஏற்பான் என்று கேட்கிறார்.

ஔவை வேறொரு காட்சியையும் பாடியிருக்கிறார். ஒரு முறை சேரன் மாரிவெண்கோவும், பாண்டியன் உக்கிரப் பெருவழுதியும், சோழன் பெருநற்கிள்ளியும் ஒரே இடத்தில் ஒன்றாக அமர்ந்திருந்தார்கள். மூவேந்தர்கள் சண்டைக் களத்தில் அல்லாமல் வேறு இடத்தில் சேர்ந்திருப்பது அபூர்வம். ஔவை அதைப் பார்த்தார். வேள்வியில் எரியும் முத்தீயைப் போல மூவரும் அழகாக வீற்றிருக்கிறீர்கள் என்றார். வானத்து மீன்களையும் மழைத் துளிகளையும்விட உங்கள் வாழ்நாள் கூடட்டும் என்று மூவரையும் சேர்த்து வாழ்த்தினார்.