சிஸ்டர் கையிலிருந்து அம்மா கைக்கு

32 வாரத்தில், ஒன்றரைக் கிலோகூட இல்லாமல் பிறந்த ஒரு குழந்தை பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்வரை அதைக் காக்கப் பலவும் இருக்கின்றன. உடல் குளிர்ந்தால் வார்மர் சூடு கொடுக்கும். மூச்சு தடுமாறினால் மானிட்டர் அலறும். எத்தனை மில்லி பால் உள்ளே போனது, எத்தனை முறை சிறுநீர் கழித்தது என்று செவிலியர் எழுதி வைப்பார். டிஸ்சார்ஜ் ஆன அன்று இரவு இவற்றில் எதுவும் கிடையாது. அம்மா இருப்பார், பாட்டி இருப்பார். அதுவரை கருவிகள் பார்த்த வேலையை இனி அந்த இருவரின் கைகளும் கண்களும்தான் பார்க்க வேண்டும். அந்தக் கைகளைப் பழக்கி அனுப்புவது செவிலியர் பணியில் வெளியே அதிகம் தெரியாத ஒரு பகுதி. குழந்தை பிழைத்து வளர்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

டிஸ்சார்ஜ் என்பது டாக்டர் கையெழுத்துப் போடும் நாள் என்றே நாம் நினைக்கிறோம். பல இடங்களில் அப்படித்தான் நடக்கவும் செய்கிறது. ஒரு பக்கம் பில் கட்டும் அவசரம், வாசலில் வண்டி, கையில் மருந்துச் சீட்டு, நின்றபடியே ஐந்து நிமிட அறிவுரை. இது போதவே போதாது. நோயாளிகளிடம் சொல்லப்படும் மருத்துவத் தகவலில் 40 முதல் 80 சதவீதம் உடனே மறந்துபோகிறது என்று நெதர்லாந்தைச் சேர்ந்த நரம்பு உளவியலாளர் ராய் கெசல்ஸ் 2003இல் எழுதிய கட்டுரையில் காட்டினார். பிரசவித்த உடம்பு, தூக்கமில்லாத கண், மனசெல்லாம் பயம் என்று நிற்கும் ஒரு பெண்ணிடம் அந்த ஐந்து நிமிடத்தில் என்ன மிஞ்சும்?

தேர்ந்த செவிலியர் இந்த வேலையைக் குழந்தை அட்மிட் ஆன முதல் நாள்களிலேயே தொடங்கிவிடுவார். முன்பெல்லாம் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தாயை விடமாட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் இதை மாற்றி, பெற்றோரை உள்ளே அழைத்து, குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பழக்கினார்கள். 2017இல் மத்திய சுகாதார அமைச்சகம் இந்தக் குடும்பப் பங்கேற்பு முறைக்கு நாடு முழுவதற்குமான நெறிமுறைகளை வெளியிட்டது. முதல் பாடம் கை கழுவுவது: மோதிரம், வளையல் கழற்றி, சோப்புப் போட்டு, முழங்கை வரை. அதன்பிறகுதான் குழந்தையைத் தொடுவது.

தொடுவதே ஒரு பரிசோதனைதான். புறங்கையைக் குழந்தையின் வயிற்றிலும் பாதத்திலும் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். இரண்டும் கதகதப்பாக இருந்தால் நல்லது. வயிறு கதகதப்பாக இருந்து பாதம் சில்லிட்டிருந்தால் குழந்தைக்குக் குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது. உடனே மார்போடு அணைக்க வேண்டும். வயிறும் பாதமும் சில்லிட்டிருந்தால் அது ஆபத்து. தெர்மாமீட்டர் இல்லாத வீட்டிலும் இந்தச் சோதனையைச் செய்ய முடியும். எடை குறைந்த குழந்தையின் உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு, தோல் மெல்லியது. அதனால் நமக்கு இதமாகத் தெரியும் அறையிலும் அதன் சூடு வேகமாக இறங்கிவிடும். சூட்டைக் காக்கச் செலவாகும் சக்தி, எடை கூடுவதற்குப் போகவேண்டிய சக்தி.

மார்போடு அணைப்பதற்கு ஒரு முறை உண்டு. கங்காரு தாய் பராமரிப்பு என்று பல அரசு மருத்துவமனைச் சுவர்களில் படம் மாட்டியிருப்பார்கள். இந்த முறை பிறந்ததே ஒரு நெருக்கடியில்தான். 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர்கள் போதாமல், கிருமித்தொற்றில் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தபோது எட்கர் ரே, எக்டர் மார்ட்டினெஸ் என்ற இரு மருத்துவர்கள் குழந்தைகளைத் தாயின் வெறும் மார்பில் நிமிர்த்தி வைத்துக் கட்டி, சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பி, அடிக்கடி வரவழைத்துப் பார்த்தார்கள். ஏழ்மைக்கு ஏற்ற மாற்று வழி என்று அப்போது கருதப்பட்டது, இன்று முதல் தரமான சிகிச்சை. இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பிறந்த உடனே இந்த அணைப்பைத் தொடங்கிய குழந்தைகளிடம் முதல் 28 நாள்களில் இறப்பு 25 சதவீதம் குறைந்திருந்தது. நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை, எவ்வளவு முடியுமோ அவ்வளவு என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது.

மார்பில் வைத்துக் கட்டுவதைப் படம் பார்த்துக் கற்க முடியாது. குழந்தையின் தலை ஒரு பக்கம் திரும்பி, சற்றே நிமிர்ந்திருக்க வேண்டும். கழுத்து மடங்கினால் மூச்சு அடைபடும். கைகால்கள் தவளைபோல மடங்கி விரிந்திருக்க வேண்டும். துணி இறுக்கமாக இருக்கவேண்டும், ஆனால் குழந்தையின் வயிறு ஏறி இறங்க இடம் விட வேண்டும். தாயின் கையைப் பிடித்து இரண்டு முறை செய்துகாட்டி, மூன்றாம் முறை செவிலியர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அந்த மூன்றாம் முறைதான் பாடம்.

பால் புகட்டுவதிலும் அப்படியே. 34 வாரம் நிறையாத குழந்தைக்கு உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் ஒன்றோடொன்று இசைந்து வராது. அதனால் பீய்ச்சிய தாய்ப்பாலைப் பாலாடையில் புகட்டுகிறார்கள். நம் பாட்டிமார் பயன்படுத்திய பாலாடை இன்று நாடெங்கும் பச்சிளங்குழந்தை வார்டுகளில் இருக்கிறது. கணக்கும் சொல்லித் தருவார்கள். 1,800 கிராம் குழந்தைக்குக் கிலோவுக்கு 150 மில்லி என்றால் ஒரு நாளைக்கு 270 மில்லி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று 12 வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 22, 23 மில்லி. இந்தக் குழந்தை பசித்தாலும் அழாது, தூங்கிக்கொண்டே இருக்கும். ‘அழும்போது கொடுக்கலாம்’ என்று காத்திருந்தால் எடை இறங்கிவிடும். எழுப்பிக் கொடுக்கத்தான் வேண்டும்.

சரி, இதெல்லாம் தாய்க்குப் புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? “புரிஞ்சுதாம்மா?” என்று கேட்டால் எல்லாரும் “புரிஞ்சுது சிஸ்டர்” என்றுதான் சொல்வார்கள். டாக்டரும் சிஸ்டரும் கேட்கும்போது இல்லை என்று சொல்ல நமக்கு வாய் வராது. அனுபவமுள்ள செவிலியர் வேறு மாதிரி கேட்பார்: “நான் சரியா சொல்லிக் குடுத்தேனான்னு பாக்கணும்மா. ராத்திரி ரெண்டு மணிக்குப் பாப்பா பால் குடிக்க மாட்டேங்குதுன்னு வெச்சுக்கோ. என்ன பண்ணுவே, சொல்லு.” தவறு வந்தால் அது தன் போதனையின் குறை என்று முன்கூட்டியே ஏற்றுக்கொள்வதால் தாய்க்குக் கூச்சம் இல்லை. இந்த ஒரு கேள்வி பத்துத் துண்டுப் பிரசுரங்களைவிட மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது பாட்டி. நம் வீடுகளில் குளிப்பாட்டுவது, மருந்து உரைப்பது, சாம்பிராணி போடுவது எல்லாம் பாட்டியின் அதிகாரம். தாய்க்கு மட்டும் சொல்லி அனுப்பினால் அந்த அறிவுரை வீட்டு வாசலோடு சரி. பாட்டியை உட்காரவைத்துப் பேசும் செவிலியர்கள் எதை விடக்கூடாது, எதை விட்டுக்கொடுக்கலாம் என்று தெரிந்தவர்கள். மூக்கில் எண்ணெய் விடுவது கூடாது. அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகும். புகை கூடாது. வசம்பு, சர்க்கரைத் தண்ணீர் கூடாது. தாய்ப்பாலும் எழுதிக் கொடுத்த மருந்தும் மட்டுமே. டாக்டர் சொல்லும்வரை குளியல் இல்லை, துடைத்தால் போதும். திருஷ்டிப் பொட்டுதானே, பாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள் பாட்டிமா. இவ்வளவும் சொல்லிவிட்டுக் குழந்தையைப் பாட்டியின் மார்பிலேயே அரை மணி நேரம் கட்டிவிடுவார்கள். தாய் களைத்திருக்கும்போது பாட்டியும் அப்பாவும் கங்காரு அணைப்பு கொடுக்கலாம். பொறுப்பு கையில் வந்தபின் பாட்டியே அந்த விதிகளைக் காப்பவராகிவிடுகிறார்.

சொட்டு மருந்தில் தவறு எளிதாக நேரும். வைட்டமின் டி சொட்டு மருந்து கம்பெனிக்குக் கம்பெனி செறிவு மாறும். ஒன்றில் ஒரு மில்லியில் இருப்பது இன்னொன்றில் அரை மில்லியிலேயே இருக்கும். கடைக்காரர் வேறு பாட்டில் கொடுத்தால் அளவும் மாற வேண்டும். ஆகவே சிரிஞ்சில் அளவுக்கோட்டைப் பேனாவால் குறித்துத் தந்து, தாயையே இழுத்துக் காட்டச் சொல்வார்கள். ஸ்பூன் கணக்கு வேண்டாம்.

கண் பரிசோதனைத் தேதியை நான் தனியாக வலியுறுத்த விரும்புகிறேன். 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு விழித்திரை ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வை பறிபோகும் ஆபத்து உண்டு. பிறந்து 30 நாளுக்குள் முதல் பரிசோதனை நடக்க வேண்டும். மிகச் சிறிய குழந்தைக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே. உரிய நேரத்தில் லேசர் சிகிச்சை செய்தால் பார்வையைக் காப்பாற்றலாம். ஆனால் வெளியே ஒரு குறியும் தெரியாது. குழந்தை விழித்துப் பார்க்கிறது, விளக்கைப் பார்த்துத் திரும்புகிறது, எதற்கு இவ்வளவு தூரம் பஸ்ஸில் அலைய வேண்டும் என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் நல்ல செவிலியர் தேதியை அட்டையில் எழுதுவதோடு நிற்காமல், அன்று யார் கூட வருவார், எந்த பஸ் என்றுகூடக் கேட்டுவைக்கிறார்.

ஆபத்து அறிகுறிகளைக் கடைசியாகச் சொல்வார்கள், திரும்பச் சொல்லவும் வைப்பார்கள். பால் குடிப்பதை நிறுத்துவது, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்வாங்குவது, வலிப்பு, உடம்பு கொதிப்பது அல்லது சில்லிடுவது, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள், தூண்டினால் மட்டுமே அசைவது. மூச்சை ஒரு முழு நிமிடம் கடிகாரம் பார்த்து எண்ண வேண்டும், ஏனென்றால் பச்சிளங்குழந்தையின் மூச்சு சீராக வராது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக் குழந்தை இப்படி ஒரு வார்டில் இருந்தால், வீட்டில் அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் யாரோ அவரை டிஸ்சார்ஜுக்குச் சில நாள்கள் முன்பே அழைத்துப் போங்கள். பால் புகட்டுவது, மார்பில் கட்டுவது, மருந்து அளப்பது, மூச்சு எண்ணுவது என எல்லாவற்றையும் செவிலியர் பார்க்க ஒருமுறை நீங்களே செய்து முடிக்காமல் கிளம்பாதீர்கள். மருத்துவமனைகளை நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள்: இந்தப் பயிற்சிக்கென்று செவிலியரின் பணி நேரத்தில் தனி நேரம் ஒதுக்குங்கள்.