ஐரோப்பா டூர் போறீங்களா... ஸ்வெட்டர் இருக்கட்டும், முதல்ல ஷூவைப் பாருங்க!

டூருக்குப் பணம் கட்டியாகிவிட்டது, விசாவும் வந்துவிட்டது என்றால், நம் வீடுகளில் அடுத்து நடக்கும் காட்சி அநேகமாக ஒன்றுதான். பரணிலிருந்து பெரிய சூட்கேஸ் இறங்கும். சொந்தக்காரர் யாரோ எப்போதோ லண்டன் போனபோது வாங்கிய ஓவர்கோட் இரவலாக வந்து சேரும். ஊட்டிக்குப் போட்டுக்கொண்டு போன மங்கி கேப்பைத் தேடி எடுப்பார்கள். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, 'அட, அப்பாவுக்கு ஷூ இல்லையே' என்று யாருக்காவது ஞாபகம் வரும். அவசரமாகக் கடைக்குப் போய், ஆஃபரில் இருக்கும் ஒரு ஜோடியை வாங்கிவந்து, டப்பாவோடு அப்படியே பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள்.

பயணத்தின் மூன்றாவது நாள் அப்பா நொண்ட ஆரம்பிப்பதற்குக் காரணம் அந்த டப்பாதான்.

"பஸ்லயே கூட்டிட்டுப் போயிடுவாங்க, நடக்கவே வேண்டாம்" என்பது குரூப் டூர் போகிறவர்களின் நம்பிக்கை. அதில் பாதிதான் உண்மை. ஊர்விட்டு ஊர் போவதற்கு பஸ் உண்டு. ஆனால், ஐரோப்பாவின் பழைய நகரங்கள் பஸ் என்ற ஒன்று வருவதற்குப் பல நூறு வருடங்களுக்கு முன்பே கட்டப்பட்டவை. ஃப்ளாரன்ஸில் டூர் பஸ் பழைய நகருக்கு வெளியிலேயே நின்றுவிடும்; அங்கிருந்து கதீட்ரல்வரை நடைதான். வெனிஸில் பஸ் ஊரின் ஓரத்தோடு சரி. அதற்குப் பிறகு படகு, படகிலிருந்து இறங்கினால் நடை, குறுக்கே கால்வாய் வந்தால் படிகள் வைத்த பாலம். அந்த ஊரில் 400-க்கும் அதிகமான பாலங்கள் இருக்கின்றன. வாட்டிகனில் செயின்ட் பீட்டர்ஸ் கோபுரத்தின் உச்சிக்குப் போக மொத்தம் 551 படிகள். லிஃப்ட் இருக்கிறதே என்று டிக்கெட் வாங்கினாலும், அது பாதிக்கும் குறைவான உயரத்தில் இறக்கிவிட்டுவிடும். மீதி 320 படிகளை நாம்தான் ஏற வேண்டும்.

தரையும் நம் ஊர் சிமென்ட் தரை இல்லை. ரோம் நகரின் பழைய தெருக்களில் கையகலக் கருங்கற்களைப் பதித்திருப்பார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி இருக்கும், மேடு பள்ளம் இருக்கும், மழை பெய்தால் வழுக்கும். போட்டோவில் பார்க்க அழகு. மெல்லிய சோல் வைத்த செருப்போடு அதில் ஒரு மணி நேரம் நடந்தால், ஒவ்வொரு கல்லும் உள்ளங்காலுக்குத் தெரியும். ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் மலைமேல் உள்ள பளிங்குத் தரை, லட்சக்கணக்கானவர்கள் நடந்து நடந்தே வழவழப்பாகிவிட்டது. பழங்காலச் சின்னங்கள் சேதமாகின்றன என்று ஹை ஹீல்ஸுக்கு 2009-லேயே தடை போட்டுவிட்டது கிரீஸ்.

ஷூ வாங்குவதற்கும் நேரம் இருக்கு!

கிளம்புவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பாவது ஷூ வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அதுவும் சாயங்காலமாகக் கடைக்குப் போவது நல்லது. நாள் முழுக்க நின்று நடந்த பிறகு கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். டூரில் இருக்கப்போவதும் அந்தக் கால்தான். எந்த சாக்ஸைப் போடப்போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும். எழுந்து நின்றால், நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கட்டும். இல்லையென்றால் சரிவில் இறங்கும்போது விரல் நகங்கள் போய் இடிக்கும்.

நீளத்தைப் பார்க்கிற நாம் அகலத்தைப் பார்ப்பதில்லை. வாழ்நாள் முழுக்கச் செருப்பு போட்டுப் பழகிய பாதம், முன்பக்கம் நன்றாக விரிந்திருக்கும். அதைக் கூர்மையான ஷூவுக்குள் திணித்தால் சுண்டுவிரல்தான் முதலில் அழும். 'போடப்போட லூஸாகிடும் சார்' என்று கடைக்காரர் சொல்வதை நம்பாமல், அடுத்த அகலத்தைக் கேளுங்கள்.

ஷூவைக் கையில் எடுத்து மடக்கிப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில்தான் அது வளைய வேண்டும். நடுவில் வளைந்தால் அது நெடுநேர நடைக்குத் தாங்காது. துணியைப் பிழிவதுபோல முறுக்க முடிந்தால், அதையும் ஷெல்ஃபிலேயே வைத்துவிடலாம். அடிப்பக்கம் பிடிமானத்துக்கு நல்ல பள்ளங்கள் இருக்க வேண்டும்.

வாங்கியதை உடனே போட்டுப் பழக ஆரம்பிக்க வேண்டும். முதல் நான்கு நாள் வீட்டுக்குள் ஒரு மணி நேரம். பிறகு பால் வாங்க, காய்கறி வாங்க. அதன்பிறகு மொட்டைமாடிப் படிக்கட்டில் ஏற, இறங்க. உரசும் இடம் எது என்பது நம் ஊரிலேயே தெரிந்துவிட்டால், மாற்ற நேரம் இருக்கும். சாக்ஸும் முக்கியம். முழு காட்டன் சாக்ஸ் வியர்வையை உறிஞ்சிவைத்துக்கொண்டு ஈரமாகவே இருக்கும். ஈரமும் உரசலும் சேர்ந்தால் கொப்புளம்தான். கம்பளி கலந்த அல்லது விளையாட்டு வீரர்கள் போடும் ரக சாக்ஸ் பரவாயில்லை.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இது வசதிப் பிரச்னை அல்ல

அறுபதைத் தாண்டிய பெற்றோரை டூர் அனுப்பும் பிள்ளைகள் இதை நிதானமாகப் படிக்க வேண்டும். பல வருடங்களாகச் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். மற்றவர்களுக்கு ஷூ கடித்தால் வலிக்கும்; உட்கார்ந்துவிடுவார்கள். இவர்களுக்கு அந்த வலியே தெரியாது. கொப்புளம் உடைந்து புண்ணாகி, அதன்மேலேயே நாள் முழுக்க நடந்துகொண்டிருப்பார்கள். அந்தப் புண் ஆற நாளாகும், கிருமி தொற்றினால் விரலையே எடுக்க வேண்டிய நிலைக்கும் போகலாம். 12 நாள் டூரில் இரண்டாவது நாளே இது ஆரம்பித்தால், கூட வருகிறவர்களுக்கு பாரமாக இருக்கக் கூடாது என்று நினைத்து, தெரிந்தாலும் வெளியே சொல்லாத பெரியவர்கள்தான் நம் வீடுகளில் அதிகம்.

அதனால், கிளம்பும் முன் டாக்டரிடம் சுகர் ரிப்போர்ட்டை மட்டும் காட்டாமல் காலையும் காட்டச் சொல்லுங்கள். தினமும் ஷூ போடும் முன் உள்ளே கையைவிட்டு, கல், மடிப்பு ஏதாவது இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். வெளிர் நிற சாக்ஸ் நல்லது. கசிவு இருந்தால் கறை காட்டிக்கொடுக்கும். ராத்திரி ரூமுக்கு வந்ததும் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் மொபைலில் போட்டோ எடுத்துப் பார்க்கலாம். அந்த போட்டோவை ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொன்னால், ஈஃபிள் டவர் செல்ஃபியைவிட அதுதான் பிள்ளைகளுக்கு நிம்மதி தரும்.

கால் வலிக்கிறது என்று பாத்டப்பில் வெந்நீர் பிடித்துக் காலை வைப்பது நம் பழக்கம். உணர்ச்சி குறைந்த கால் சூட்டை உணராது, வெந்துவிடும். அது வேண்டவே வேண்டாம். கொப்புளத்தை ஊசியால் குத்தவும் கூடாது. பிளாஸ்திரி போட்டு மூடி, டூர் மேனேஜரிடம் உடனே சொல்லி டாக்டரைப் பார்ப்பதுதான் சரி.

டிரஸ்ஸுக்கு வருவோம்

ஐரோப்பா என்றாலே பனி என்று நினைத்துப் பெட்டியை நிரப்புகிறோம். பாரிஸில் 2019 ஜூலை 25 அன்று பதிவான வெப்பம் 42.6 டிகிரி செல்சியஸ். நம் கத்திரி வெயில் தோற்கும். ஏசி இல்லாத ஹோட்டல்களும் அங்கே நிறைய. ஆனால், அதே ஜூலையில், அதே டூரில், சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக்குக்கு ரயில் ஏறினால் 3,454 மீட்டர் உயரத்தில் வருடம் முழுக்கப் பனி. காலையில் அடிவாரத்தில் டி-ஷர்ட், மதியம் மேலே நடுக்கம்.

இரவல் ஓவர்கோட் இரண்டு இடத்துக்கும் சரிவராது. வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காகப் போடுவதுதான் வழி. உள்ளே உடலோடு ஒட்டும் தெர்மல், நடுவில் ஸ்வெட்டர் அல்லது ஃப்ளீஸ், வெளியே காற்றும் மழையும் புகாத மெல்லிய ஜாக்கெட். அடுக்குகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்துவைக்கும். வெயில் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளலாம். ஜீன்ஸ் ஒன்று போதும். நனைந்தால் லேசில் காயாது.

"எனக்கு சேலைதான், பேன்ட்டெல்லாம் போட மாட்டேன்" என்று அம்மா சொன்னால் சண்டை போட வேண்டாம். பாவாடைக்கு உள்ளே தெர்மல் லெகின்ஸ், ரவிக்கைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் ஷூ. கொசுவம் கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும்படி கட்டி பின் குத்திக்கொண்டால் போதும். கஞ்சி போட்ட காட்டன் சேலையை வீட்டிலேயே விட்டுவிடலாம். மெட்ரோ ஸ்டேஷன் எஸ்கலேட்டர்களில் முந்தானையைக் கையில் பிடித்துக்கொள்வது கட்டாயம். பனிமலை நாளில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். பனியில் சிஃபான் சேலையோடு ஆடும் ஹீரோயின்கள், டேக் முடிந்ததும் போர்வைக்குள் போய்விடுகிறவர்கள். நம் அம்மா கரை நனைந்த சேலையோடு மாலைவரை சுற்ற வேண்டும்.

அம்மாவின் சேலை ஜெயிக்கும் இடமும் ஒன்று உண்டு. செயின்ட் பீட்டர்ஸ் பேராலயத்துக்குள் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். ஷார்ட்ஸ் போட்ட பேரன் வாசலில் நிற்க, பாட்டி பாட்டுக்கு உள்ளே போய்விடுவார்.

கிளம்பும் நாளில், பழகிய அந்த ஷூவைப் பெட்டியில் வைக்காமல் காலிலேயே போட்டுக்கொள்ளுங்கள். பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் ஷூ உங்களோடு இருக்கும். விமானத்தில் உட்கார்ந்தே இருப்பதால் கால் வீங்கும், லேஸைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். கேபின் பையில் ஒரு செட் டிரஸ், இரண்டு ஜோடி சாக்ஸ், மருந்து, பிளாஸ்திரி. ஹோட்டல் ரூமில் வெறுங்காலோடு நடக்காமல் இருக்க, வீட்டில் போடும் அந்தப் பழைய ரப்பர் செருப்பையும் ஒரு கவரில் சுற்றி வைத்துவிடுங்கள்.