கல்தரையில் ஒரு வனபோஜனம்

வனபோஜனம் என்றதும் ஆற்றங்கரையும் மாந்தோப்பும் கட்டுச்சாத மூட்டையுமே நமக்கு நினைவுக்கு வரும். ஹாங்காங் நகரில் பிலிப்பைன் தேசத்து ஸ்திரீகள் ஞாயிறுதோறும் நடத்தும் வனபோஜனத்தில் வனம் என்பது பெயருக்கும் கிடையாது. பெரிய பாங்கிக் கட்டிடங்களின் நிழலில், வாகனப் போக்கு நிறுத்தப்பட்ட சேட்டர் வீதியிலும் அடுத்துள்ள சிலைச் சதுக்கத்திலும், அட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரித்து அமர்கிறார்கள். அச்சதுக்கத்தில் ஒரு காலத்தில் விக்டோரியா மகாராணியார் வீற்றிருந்தார். இப்பொழுது எஞ்சி நிற்பவர் ஒரு பாங்கி அதிகாரி மாத்திரமே!

அயலாருடைய வீடுகளில் சமையல் செய்யவும், குழந்தைகளையும் முதியோரையும் பேணவும் கடல் கடந்து வந்த பெண்மணிகள் இவர்கள். அந்நகரில் இவ்வகைப் பணியாளர் மூன்று லட்சத்துக்கு மேற்படுவர். அவர்களில் பாதிக்கு மேல் பிலிப்பைன் மக்கள். எஜமானர் வீட்டிலேயே தங்க வேண்டும் என்பது விதி. வாரம் ஒருநாள் ஓய்வு தர வேண்டும் என்பதும் சட்டந்தான். ஆனால் அந்த ஓய்வு நாளில் போய் உட்காருவதற்குத் தமக்கென்று நான்கு சுவர்கள் ஏது? ஆகவே வீதியே வீடாகிறது.

ஒரே மாகாணத்தார் ஓரிடத்தில் கூடுகின்றனர். ஓர் அட்டையில் தகாலோக் மொழி, மற்றோர் அட்டையில் இலொகானோ. வாரம் முழுதும் பிறர் நாவுக்குச் சமைத்த கை அன்று தன் ஊர்ச் சமையலைப் பரிமாறுகிறது. காடியும் பூண்டும் இட்டுப் பக்குவம் செய்த 'அதோபோ' இறைச்சி, 'பான்ஸித்' என்னும் சேமியா போன்ற பண்டம், எல்லாவற்றுக்கும் மேலாக அரிசிச் சோறு! வாழையிலையில் சோற்றைக் குவித்துச் சுற்றியிருந்து கையால் உண்ணும் வழக்கமும் அத்தேசத்தாருக்கு உண்டு. முள்கரண்டிக்காரர்கள் முகம் சுளிக்கட்டும். நமக்கு அவர்கள் உறவினராகவே தோன்றுகிறார்கள்.

ஜூன் 12 அவர்களுடைய சுதந்தர தினம். 1898-இல் அன்றுதான் காவிட் என்னும் ஊரில் சுதந்தரப் பிரகடனம் செய்து தேசக் கொடியை விரித்தார்கள். அக்கொடி தைக்கப்பட்ட இடம் எது என்று நினைக்கிறீர்கள்? இதே ஹாங்காங்தான்! அங்கே வசித்து வந்த மார்செலா அகொன்சில்யோ அம்மையார், தம் புதல்வியும் டாக்டர் ரிஸாலின் மருமகள் முறையினரான டெல்பினாவும் துணையிருக்க, ஐந்தே நாட்களில் அதைத் தைத்து முடித்தார். 1896-இல் ஸ்பானியரால் சுட்டுக் கொல்லப்பட்ட ரிஸாலும் 1891-ஆம் ஆண்டின் கடைசியில் இந்நகருக்கு வந்து சில மாதம் கண் வைத்தியம் செய்தவரே. அவருடைய வைத்திய சாலை இருந்த டாகிலார் தெரு இன்றைய வனபோஜனத்துக்குக் கூப்பிடு தூரம்.

கொடி தைத்தவரின் வழி வந்த பெண்டிர் இன்று அந்நியர் துணிகளைத் துவைக்கிறார்கள். 1974-இல் மார்க்கோஸ் ஆட்சி வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதை அரசாங்க ஏற்பாடாகவே ஆக்கிற்று. பின் வந்தவர்கள் இவர்களைப் 'புதிய வீரர்கள்' என்று புகழ்ந்தார்கள். பட்டம் வழங்குவது எளிது. ஊரிலேயே பிழைக்க வழி செய்வதல்லவோ அரிது! ஹாங்காங்கும் தாராளம் காட்டவில்லை. ஏனைய அயல்நாட்டார் ஏழாண்டு வசித்தால் நிரந்தரக் குடியுரிமை கோரலாம். வீட்டுப் பணியாளருக்கு அது இல்லை என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது.

பொழுது சாய்வதற்குள் அவர்களுக்கு வேறொரு வேலையும் உண்டு. பிள்ளைகளுக்கு உடுப்பு, தின்பண்டம், சோப்பு முதலியவற்றைப் பெரிய பெட்டியில் அடுக்கி ஊருக்கு அனுப்ப வேண்டும். பெட்டி கப்பலேறிப் போய்ச் சேரப் பல வாரங்களாகும். அதனால், கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு உரியதை வெகு முன்னதாகவே கட்டிவிடுகிறார்கள்.