நாமும் நாங்களும்: தூத்துக்குடி ஊர்ப்பேச்சில் தன்மைப் பன்மையும் கருத்துவேற்றுமையும்

தன்மைப் பன்மையை இருவகைப்படுத்திக் கூறுதல் தமிழின் தொன்மையான வழக்கு. கேட்போனைத் தன்னொடு கூட்டிக் கூறுதல் ஒருவகை. அவனை நீக்கிப் பிறரை மட்டும் கூட்டிக் கூறுதல் மற்றொருவகை. அம், ஆம் என்னும் ஈறுகள் முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் என்பன படர்க்கையாரையும் உளப்படுத்தும் என நன்னூலார் வரையறுத்தார். இற்றைப் பேச்சில் வினையீற்று வேறுபாடு மறைந்துவிட்டது. எங்கும் ஓம் ஈறே நிற்கின்றது. ஆயினும் பெயரில் அவ்வேறுபாடு சிதையவில்லை. 'நம்ம', 'எங்க' என்னும் இரண்டையும் மாற்றிப் பேசும் சிறுவனையும் காண்டல் அரிது. தெலுங்கிலும் மனமு, மேமு என இவ்வேறுபாடு உண்டு, ஆங்கிலத்தில் இல்லை.

இலக்கண நூலார் இதனைச் சொல்லிலக்கணமாகவே கண்டனர். ஓர் ஊர் இரண்டுபட்டு நிற்குங்கால் இவ்வேறுபாடு என்ன பணி செய்கின்றது என்பதே எமது வினா. இதற்குத் தூத்துக்குடியினும் தக்க களம் யாம் அறியோம்.

அவ்வூர்த் தாமிர ஆலையின் வரலாறு பலரும் அறிந்ததே எனினும், ஆண்டு முறையில் சுருங்கக் கூறுதல் நலம். மராட்டிய மாநிலத்து இரத்தினகிரியில் மக்கள் எதிர்த்தமையால் நின்றுபோன இத்திட்டத்திற்கு 1994இல் தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டப்பெற்றது. 2010 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ஆலையை மூட ஆணையிட்டது. 2013 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. ஆயினும் சூழலுக்கு விளைத்த கேட்டிற்காக 100 கோடி ரூபாய் செலுத்துமாறு பணித்தது. 2018 பிப்ரவரியில் குமாரரெட்டியார்புரத்து மக்கள் தொடங்கிய போராட்டத்தின் நூறாம் நாளாகிய மே 22 அன்று பனிமயமாதா கோவிலிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி மக்கள் பெருந்திரளாகச் சென்றனர். காவல்துறையினர் சுட்டதில் பதின்மூவர் மாண்டனர். மே 28இல் அரசு ஆலையை மூடியது. 2020 ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் அம்முடிவை நிலைநிறுத்த, 2024 பிப்ரவரி 29இல் உச்சநீதிமன்றம் ஆலையாரின் மேல்முறையீட்டைத் தள்ளியது.

வழக்கு முடிந்தது, பேச்சு முடியவில்லை. ஆலையால் பிழைத்த ஒப்பந்தத் தொழிலாளரும் சரக்குந்து வைத்திருந்தோரும் ஒருபால். நீரும் காற்றும் கெட்டன என்னும் சிற்றூராரும் மீனவரும் மற்றொருபால். இவ்விருபாலாரும் ஒரே தெருவில் வாழ்வோர்; ஒரே கடையில் தேநீர் அருந்துவோர்; பலவிடத்து ஒரே குடும்பத்தினர். ஆகலின் அவர்தம் கருத்து மேடைப்பேச்சுப் போல வெளிப்படையாக வருவதில்லை. இலக்கணத்தின் மறைவில் வருகின்றது.

ஆலைத் தொழிலாளி ஒருவர் சிற்றூர் நண்பரிடம் பேசுகின்றார் எனக் கொள்வோம். "நம்ம ஊரு அதாலதான் வளந்துச்சு, எங்களுக்குச் சோறு போட்டுச்சு" என்பார். முதற்கூற்றில் நண்பர் உளப்பட்டார்; அடுத்த கூற்றில் நீங்கினார். கருத்துவேற்றுமை புகுந்த இடம் அதுவே. நண்பரின் விடையோ "எங்க தண்ணி போச்சு" என்று தொடங்கும். பின்னர்ச் சற்றுத் தாழ்ந்த குரலில், "செத்தது நம்ம பிள்ளையதான" என்று முடியும். இங்கு முறை தலைகீழாயிற்று: இழப்பு முதலில் தமதாயிருந்தது, இறப்பில் எதிராளியும் உறுப்பாயினார். இறந்தோரைப் பற்றிய பேச்சில் ஆலைக்கு இசைந்தோரும் 'உங்க பிள்ளைகள்' என்று கூறக் கேட்டிலேம். அச்சொல் அவ்வூரில் நட்பை முறிக்கும்.

இனி, ஒழியிசை. ஓகார இடைச்சொல்லின் பொருள் ஆறனுள் ஒன்றாகத் தொல்காப்பியர் அதனைக் கூறினார். சொல்லப்படாது எஞ்சி நின்ற பொருளைக் கேட்போன் தானே உணர வைத்தல் அதன் இயல்பு. இன்றைய பேச்சில் அப்பணியைப் பெரும்பாலும் 'தான்' ஏற்றுள்ளது. "வேலை கெடச்சுதுதான்..." என்று ஒருவர் குரலை இழுத்து நிறுத்துகின்றார். தேற்றப் பொருளில் வரவேண்டிய 'தான்' ஈண்டு உடன்பட்டு மறுக்கின்றது. வேலை கிடைத்தது உண்மை. ஆயினும், என்பது எஞ்சிய பொருள். அவ்வாயினும் என்பதன் பின் வருவதைச் சொல்லாமலே விடுவதால், எதிரிலிருப்பவர் மறுத்துப் பேசவேண்டிய கட்டாயமும் நீங்குகின்றது. சண்டை நேராமல் கருத்தைச் சொல்லிவிடும் இவ்வழியை உரையாசிரியர்கள் கேட்டிருப்பின் மகிழ்ந்திருப்பர் என்று எமக்குத் தோன்றுகின்றது.

பிறர்கூற்றை உணர்த்தும் 'ஆம்' என்பதும் இத்தகையதே. "மறுபடி தெறப்பாவளாம்" என்பவர் அச்செய்திக்குப் பொறுப்பேற்கவில்லை. விருப்பையும் வெறுப்பையும் காட்டவுமில்லை. கேட்பவர் முகம் எப்படி மாறுகின்றது என்று பார்த்த பின்னரே தம் கருத்தை வெளியிடுவார்.

இவற்றினும் ஆழ்ந்து நோக்கற்குரியது வினையின் எழுவாய். செய்தித்தாள் தமிழில் 'துப்பாக்கிச் சூட்டில் பதின்மூவர் உயிரிழந்தனர்' என்பதே பெருவழக்கு. 'சூடு' தொழிற்பெயர், அது வினைமுதலை வேண்டி நில்லாது. 'உயிரிழந்தனர்' என்பதற்கோ இழந்தவரே எழுவாய். ஆகவே அத்தொடரில் சுட்டவர் எங்கும் இல்லை. 'சுட்டுக் கொல்லப்பட்டனர்' என்னும் செயப்பாட்டுவினை வினைமுதல் ஒருவர் உண்டு என்பதையேனும் உணர்த்தும். ஊர்ப்பேச்சில் "சுட்டுட்டாவ" என்பர். எழுவாய் கூறப்படாவிடினும் பன்மை ஈறு அதனைச் சுமந்து நிற்கின்றது. நீதிபதி அருணா செகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. யார் ஆணையிட்டார், யார் சுட்டார் என்பவை அவ்வாணையம் ஆராய்ந்த வினாக்களுள் அடங்கும். எழுவாய் தேடும் வேலையே அது. (எம் மாணவர்க்குச் செயப்பாட்டுவினை கற்பிக்குங்கால் 'பால் பூனையால் குடிக்கப்பட்டது' என்பதனை விடுத்து இத்தொடர்களைக் காட்டுகின்றோம், அதன்பின் எவரும் மறப்பதில்லை.)

இவ்வூரார்க்கு அணிபிரிதல் புதிதன்று. 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த காலத்து வ. உ. சிதம்பரனாரின் எதிர்ப்பக்கத்தார்க்கு முடிதிருத்துவோர் முகமழிக்க மறுத்தனர் என்பர். அன்று கருத்துவேற்றுமை தொழில் மறுப்பாக வெளிப்பட்டது. இன்று பெயர்ச்சொல்லின் உருவில் ஒடுங்கியுள்ளது. சேதுக் கால்வாய்த் திட்டம் 2005இல் தொடங்கியபோது எழுந்த வழக்கிலும், அம்மணல்திட்டை இராமர் பாலம் என்பதா, ஆதம் பாலம் என்பதா என்னும் பெயரளவிலேயே ஒருவர் கட்சி விளங்கிவிட்டது. அது தனியே விரித்தற்குரியது.

கடலைப் பற்றிய ஒரு குறிப்பையும் ஈண்டுச் சேர்த்தல் வேண்டும். முத்துச்சலாபம் அரசின் தனியுரிமையாக நடைபெற்றது. எடுத்த சிப்பியில் பெரும்பங்கு அரசுக்கும் சிறுபங்கு குளித்தோர்க்கும் உரியதாயிற்று. தூத்துக்குடியில் 1961க்குப் பின் சலாபம் நிகழவில்லை. உரிமை என்றும் தம்மிடம் இல்லாத அக்கடலையே கடற்கரை மக்கள் தம்முள் 'நம்ம கடல்' என்பர். ஆட்சியர், ஆய்வாளர், ஆலையார், எம்மைப் போன்ற ஆசிரியர் எவர் சென்று கேட்பினும் அது 'எங்க கடல்' ஆகிவிடும். ஒருமுறை நெடுநேரம் உரையாடிய பின் முதியவர் ஒருவர் எம்மிடம் 'நம்ம கடல்' என்றார். அது நாத்தவறோ, உளப்பாடோ, இன்றுவரை எமக்குத் துணிய இயலவில்லை.